கவுண்ட் பார்த்து நடக்கும் வீடு: குழந்தையின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை, ஓர் எளிய விளக்கம்

"ஒரு மாசத்துலயே நோய் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே, அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் மருந்து?"

என் அக்கா மகனுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்கள் எல்லாரும் அக்கறையில்தான் கேட்டார்கள். முதல் மாதம் முடிந்தபோது நானே அக்காவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். இதற்கு விடை தெரிந்தால், அந்த வீட்டில் நடக்கும் மற்ற பல விஷயங்களும் புரிந்துவிடும். ஏன் யாரையும் உள்ளே விடுவதில்லை, ஏன் லேசான காய்ச்சலுக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதும் ஏன் அம்மா நிம்மதியாக இல்லை என்பதெல்லாம்.

நான் டாக்டர் இல்லை, அந்தக் குழந்தையின் சித்தி. அக்காவும் அத்தானும் அவனோடு சென்னையில் இருந்த மாதங்களில், எட்டு வயதான அவர்களுடைய மூத்த பெண்ணை தேவகோட்டையில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வாராவாரம் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை, புதிதாக இந்தப் பாதையில் கால் வைக்கும் ஒரு குடும்பத்துக்கும் அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோயைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன். இது இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளிடம்தான் அதிகம் வருகிறது.

நாற்றங்காலில் முளைத்த களை

நம் எலும்புகளுக்குள்ளே பஞ்சு போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு எலும்பு மஜ்ஜை என்று பெயர். அதை ஒரு நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் எல்லா அணுக்களும் அங்கேதான் நாற்றாக வளர்கின்றன. அங்கே வளர்வதில் மூன்று பயிர்கள் முக்கியம். சிவப்பணு, மூச்சுக் காற்றில் உள்ள ஆக்சிஜனை உடம்பெங்கும் கொண்டுபோகிறது. வெள்ளையணு கிருமிகளோடு சண்டை போடுகிறது. தட்டணு, அதாவது நாம் பிளேட்லெட் என்று சொல்வது, காயம்பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைக்கிறது.

ஏ.எல்.எல்.லில் என்ன ஆகிறது? வெள்ளையணுவாக வளர வேண்டிய ஒரு நாற்று, பாதியிலேயே வளர்ச்சி நின்றுபோய், ஒரு வேலையும் செய்யாமல் பெருகிக்கொண்டே போகிறது. இப்படிப் பாதியில் நின்ற அணுவை பிளாஸ்ட் என்கிறார்கள். நாற்றங்கால் முழுக்கக் களை அடைத்துக்கொண்டால் நெல்லுக்கு இடம் ஏது? சிவப்பணு குறைந்து குழந்தை வெளுத்துப்போகும், சோர்ந்து படுக்கும். தட்டணு குறைந்து, அடிபடாமலே கை காலில் கன்றிப்போன தடம் தெரியும், ஈறில் ரத்தம் கசியும். சண்டை போடும் வெள்ளையணு குறைந்து காய்ச்சல் விட்டு விட்டு வரும். மஜ்ஜை நெருக்கியடித்துக் கிடப்பதால் எலும்பு வலிக்கும். எங்கள் பையன் முதலில் சொன்னது "கால் வலிக்குது, தூக்கிக்கோ" என்பதுதான். செல்லம் கொஞ்சுகிறான் என்றே பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து வரும் கேள்வி, ஏன் வந்தது என்பது. அக்கா கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட பப்பாளியில் தொடங்கி, வீட்டு வாசல் திசை வரைக்கும் காரணம் சொன்னவர்கள் உண்டு. உண்மை எளிமையானது: அணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதன் மரபணுவில் நேரும் பிழையில் இது தொடங்குகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏன் அந்தப் பிழை நேர்ந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. அம்மா தின்றதோ, அப்பா செய்ததோ, யார் கண்ணும் பட்டதோ அதற்குக் காரணம் இல்லை. பெற்றோரிடம் இருந்து வரும் மரபுக் கோளாறு காரணமாக இருப்பது சிறு பங்குக் குழந்தைகளிடம்தான். இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. அந்தக் குழந்தையோடு ஒரே பாயில் படுத்தாலும் மற்றவர்களுக்கு வராது.

சுருக்கமாக: மஜ்ஜை என்ற நாற்றங்காலில் பிளாஸ்ட் என்ற களை மண்டிவிட்டது. அதனால் மூன்று நல்ல பயிர்களும் குறைந்துவிட்டன. குழந்தையிடம் நாம் பார்க்கும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை அந்தக் குறைவால் வருபவை.

கோரைக் கிழங்கு மண்ணுக்குள்ளே

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நோய் கண்டுபிடிக்கும் நாளில் குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் நான்கைந்து வாரம் கடுமையான சிகிச்சை. அது முடிந்ததும் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள். நுண்ணோக்கியில் பார்க்கும்போது பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்து, நல்ல அணுக்களும் மீண்டும் முளைத்திருந்தால், அந்த நிலைக்கு ரெமிஷன் என்று பெயர். ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினர் முதல் மாத முடிவில் இந்த நிலைக்கு வந்துவிடுகிறார்கள். "நோய் போயிடுச்சு" என்று ஊரில் பரவுவது இந்தச் செய்திதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சம் கோடியில் நூற்றுக்கு 99 அழிந்தால்கூட மிச்சம் 1,000 கோடி அணுக்கள் இருக்கும். அவை பரந்து கிடப்பதால் நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தட்டுப்படாது. வயலில் கோரைப் புல்லைப் பிடுங்கியவர்களுக்கு இது தெரியும். மேலே பார்த்தால் வயல் சுத்தமாக இருக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளே இருக்கும். பத்து நாள் விட்டால் மறுபடியும் தலை நீட்டும். இப்போது 10,000 அணுக்களில் ஒன்று புற்றணுவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் நுட்பமான பரிசோதனை உண்டு. எம்.ஆர்.டி. என்று ஃபைலில் எழுதியிருப்பார்கள். கிழங்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்ப்பது போன்றது அது. அதன் முடிவை வைத்துத்தான் சிகிச்சையின் கடுமையைக் கூட்டுவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட விதம் துயரமானது. 1948ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்த ஆய்வை வெளியிட்டார். 10 பேருக்கு நோய் அடங்கியது. அதுவரை சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தையை இழப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்த நோய் அது. எழுந்து நடந்த குழந்தைகளைப் பார்த்த பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. ஒரே மருந்தால் கிழங்கு வரை போக முடியவில்லை.

அந்த மருந்தை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் 1895ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போனவர். அதே மருந்துக் குடும்பத்தில் அவருடைய குழு உருவாக்கிய இன்னொரு மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கும் நம் குழந்தைகள் வாரம் ஒரு நாள் விழுங்கும் மஞ்சள் மாத்திரை அது. அக்கா வீட்டு டப்பாவில் அதைப் பார்க்கும்போதெல்லாம், சென்னையில் படித்த ஒருவர் விட்டுச்சென்றது என்று நினைத்துக்கொள்வேன்.

1960களில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் என்பவரும் அவர் குழுவும் பல மருந்துகளைச் சேர்த்து, மூளைப் பகுதிக்கும் சிகிச்சை கொடுத்து, ரெமிஷனுக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். அப்போதுதான் பாதிக் குழந்தைகள் நிரந்தரமாகக் குணமாகத் தொடங்கினார்கள். வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஏறக்குறைய ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அதே மருந்துகள் இங்கேயும் கிடைக்கின்றன.

மருந்துகளில் ஒன்று நமக்கு மிகவும் பழக்கமான செடியில் இருந்து வருகிறது. வின்கிறிஸ்டின் என்ற ஊசி மருந்தின் மூலம் நித்தியகல்யாணி. கோயில் ஓரத்திலும் ரயில்வே தண்டவாளத்து ஓரத்திலும் ஊதா, வெள்ளை நிறத்தில் பூத்துக் கிடக்கிறதே, அதே செடிதான். இதைச் சொன்னதும் "அப்போ அந்த இலையையே அரைச்சுக் கொடுக்கலாமே" என்று ஒரு உறவினர் கேட்டார். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் செடி விஷம். அதில் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, குழந்தையின் உடல் பரப்பைக் கணக்கிட்டு அளந்து, நரம்பில் செலுத்துகிறார்கள். அரைத்த இலையில் அந்த அளவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இன்னொரு விஷயம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இயற்கை ஒரு வேலி போட்டிருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் கண்ட கண்ட பொருளும் உள்ளே போகாமல் அது தடுக்கும். பல புற்றுநோய் மருந்துகளையும் அது தடுத்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் புற்றணு ஒளிந்துகொண்டால்? அதற்காகத்தான் கீழ் முதுகில் ஊசி போட்டு, தண்டுவட நீரில் நேரடியாக மருந்து செலுத்துகிறார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்" என்ற பயம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே பார்த்துத்தான் அந்த ஊசியைப் போடுகிறார்கள்.

சுருக்கமாக: ரெமிஷன் என்றால் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். கிழங்கு வரை அழிக்கத்தான் மொத்தம் இரண்டு முதல் இரண்டரை ஆண்டு சிகிச்சை.

கவுண்ட் என்றால் என்ன?

புற்றுநோய் மருந்துகள், அதாவது கீமோ, வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களைத் தாக்குகின்றன. களைக்கொல்லி அடித்தால் பக்கத்துப் பயிரும் கருகும் இல்லையா, அப்படித்தான். நம் உடம்பில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் நல்ல அணுக்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: முடிவேரில், வாய் முதல் குடல் வரையான உள்தோலில், அப்புறம் மஜ்ஜையில். முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் ரத்த அணுக்கள் இறங்குவதும் இதனால்தான். நல்ல அணுக்களுக்கு மீண்டும் முளைக்கும் வலு அதிகம். அவை முளைக்க நேரம் கொடுத்துக் கொடுத்துத்தான் அடுத்த மருந்து. அதனால்தான் ஒரேயடியாகக் கொடுத்து முடித்துவிட முடிவதில்லை.

முடி கொட்டியது எங்களுக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. மொட்டைத் தலைக் குழந்தையை நம் ஊரில் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ரயிலில் ஒரு பாட்டி "முடி எங்கே இறக்கினீங்க, பழனியா திருச்செந்தூரா?" என்று கேட்டார். அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "பழனிம்மா" என்றாள். பாட்டி குழந்தையின் தலையைத் தடவ வந்தபோதுதான் அவள் வேகமாக அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. அக்கா அப்படிச் செய்ததற்குக் காரணம் கவுண்ட்.

ரத்தப் பரிசோதனையில் வரும் அணுக்களின் எண்ணிக்கையைத்தான் இந்த வீடுகளில் கவுண்ட் என்கிறார்கள். அதில் எல்லாரும் முதலில் பார்ப்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை. கிருமி நுழைந்ததும் முதலில் ஓடிப்போய்த் தடுக்கும் காவல்காரர்கள் அவர்கள். மொத்த வெள்ளையணு 2,000, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் இருந்தால், காவல்காரர்கள் 400 பேர். சாதாரணமாக 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் ஊரில் காவலே இல்லை என்று அர்த்தம். கீமோ கொடுத்து ஏழு நாளில் இருந்து பதினான்கு நாளுக்குள் பெரும்பாலும் கவுண்ட் அடிமட்டத்துக்கு இறங்கும், பிறகு மெல்ல ஏறும்.

அந்தக் குடும்பத்தின் நாட்காட்டி இதன்படிதான் நகரும். கவுண்ட் ஏறியிருந்தால் பூங்காவுக்குப் போகலாம், தாத்தா பாட்டி வரலாம். இறங்கியிருந்தால் வீட்டோடு. ஒரு கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அன்று காலை வரமுடியாது என்று அவர்கள் போன் செய்தால், முந்தின நாள் ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

காய்ச்சல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நமக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு பாராசிட்டமால் போட்டு, கஞ்சி குடித்து, இரண்டு நாள் பார்ப்போம். கவுண்ட் இறங்கிய குழந்தைக்கு அந்த இரண்டு நாள் கிடையாது. காவல்காரர்கள் இல்லாத ரத்தத்தில் கிருமி சில மணி நேரத்தில் பெருகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இப்படித் தாக்கும் கிருமிகளில் பல, குழந்தையின் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே இருப்பவைதான். சாதாரண நாளில் அவை ஒன்றும் செய்யாது. அதனால் 101 டிகிரி ஒரு தடவை வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் உடனே மருத்துவமனை என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவமனை வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது இலக்கு. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவும் கூடாது, அங்கே ஏற்படும் சிறு கீறலும் கிருமிக்கு வாசல்.

சென்னையில் அக்கா தங்கியிருந்த வாடகை அறையில், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நீலப் பை எப்போதும் தொங்கும். உள்ளே ஃபைல், காப்பீட்டு அட்டை, இரண்டு செட் துணி, போர்வை, செல்போன் சார்ஜர், சில்லறையாக இரண்டாயிரம் ரூபாய், அவனுடைய சிவப்பு பஸ் பொம்மை. ஒரு ராத்திரி நான் அங்கே இருந்தபோது இரண்டு மணிக்கு அவன் நெற்றி சுட்டது. தெர்மாமீட்டர் 101.2 காட்டியது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்தாள், அத்தான் ஆட்டோவைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எனக்கும் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள்: "கீமோ எடுக்கிற குழந்தை, காய்ச்சல்." அந்த நான்கு சொல்லைக் கேட்டால் வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

சுருக்கமாக: கவுண்ட் இறங்கியபோது வரும் காய்ச்சல் தீ விபத்து மாதிரி. பையைக் கட்டி வைத்திருங்கள். மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்குள் எது மாறும், எது மாற வேண்டியதில்லை

கிருமி பயத்தில் சில குடும்பங்கள் குழந்தையை ஒரே அறையில் பூட்டி வைத்துவிடுகின்றன. அவ்வளவு தேவையில்லை. எல்லாவற்றையும்விடப் பயன் தருவது சோப்பு போட்டுக் கை கழுவுவது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருப்பவர் வரக் கூடாது, அது சொந்தப் பாட்டியாக இருந்தாலும். வீட்டில் சுவர் இடிப்பது, சுண்ணாம்பு சுரண்டுவது போன்ற வேலைகளை ஒத்திப்போடுங்கள். அந்தத் தூசியில் பூஞ்சை விதைகள் பறக்கும்.

சாப்பாட்டில் நம் சமையல் நமக்குச் சாதகம். ஆவி பறக்க எடுத்த இட்லியைவிடப் பாதுகாப்பான உணவு எது? அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே, சூடாக. கொதித்து ஆறிய தண்ணீர். வாழைப்பழம், ஆரஞ்சு போலத் தோலுரித்துச் சாப்பிடும் பழங்கள். வெளியே வெட்டி வைத்த பழம், கடைச் சட்னி, பானிபூரி, கரும்புச் சாறு வேண்டாம். சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்று குழந்தைக்கு இனிப்பையே காட்டாதவர்களைப் பார்த்தேன். வளரும் குழந்தைக்கு உணவை வெட்டுவது தீங்குதான் செய்யும்.

அம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வெளியே அதிகம் சொல்லாமல் இருப்பது வழக்கம். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கீமோ எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரல், ஈரல் வரை பரவி உயிரைப் பறிக்கக்கூடும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்ற ஆரம்பித்துவிடுகிறது. அக்கியும் அதே கிருமிதான். பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மையோ அக்கியோ வந்து, குழந்தை அவர்களோடு இருந்திருந்தால், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் சொன்னால் தடுக்க வழி இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அம்மை என்றால் இப்படி ஒரு குடும்பத்துக்குத் தயவுசெய்து ஒரு போன் செய்துவிடுங்கள்.

தடுப்பூசியும் அப்படித்தான். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பு மருந்துகளைச் சிகிச்சை முடியும்வரை அந்தக் குழந்தைக்குப் போட மாட்டார்கள். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருந்தால், போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் புற்றுநோய் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஊசி இருக்கிறது.

ஸ்டீராய்டு நாட்கள்

சிகிச்சையில் ஸ்டீராய்டு முக்கியமான ஆயுதம். ஏ.எல்.எல். புற்றணுக்களை அது நேரடியாகக் கொல்கிறது. முதல் மாதம் முழுக்கத் தினமும் கொடுப்பார்கள், பிறகு சில சிகிச்சைத் திட்டங்களில் மாதம் ஐந்து நாள். அது பசியையும் கோபத்தையும் தூண்டும், தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை உப்ப வைக்கும்.

எங்கள் பையன் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து "சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு" என்பான். தட்டு வந்ததும் உருளைக்கிழங்கு பெரிதாக வெட்டியிருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு அழுவான். அக்கா மறுபடியும் வெட்டுவாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே மதியம் என்ன என்று கேட்பான். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் "செல்லம் கொடுத்துக் கெடுக்குறாங்க" என்றார்கள். அந்த ஐந்து நாளில் பேசுவது மருந்து. ஆறாம் ஏழாம் நாள் பழைய பிள்ளை திரும்பி வருவான். ஆனால் மற்ற நாட்களில் அடிக்கக் கூடாது, பல் தேய்க்க வேண்டும் என்ற வீட்டு விதிகளை அக்கா விடவில்லை. விதிகள் அப்படியே இருந்தது அவனுக்கும் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

இந்த வயதுக் குழந்தைகள், தாங்கள் செய்த தப்புக்குத் தண்டனையாகத்தான் ஊசி என்று நினைத்துக்கொள்வது சகஜம். "உன் ரத்தத்துல கெட்ட அணு வந்துடுச்சு, நீ ஒண்ணும் தப்பு பண்ணலை, ஊசி வலிக்கும், அம்மா பக்கத்துலயே இருப்பேன்" என்று உள்ளதைச் சொல்லலாம். வலிக்காது என்று பொய் சொல்லி ஒரு தடவை ஏமாற்றினால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

வீட்டில் இருக்கும் இன்னொரு குழந்தை

மூத்தவள் என்னிடம் வந்த முதல் மாதம் ரொம்பச் சமர்த்தாக இருந்தாள். ஹோம்வொர்க் முடிப்பாள், தலை வாரிக்கொள்வாள், எதுவும் கேட்கமாட்டாள். பிரச்சினை இல்லாத பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "சித்தி, ஊஞ்சல்ல இருந்து நான்தான் தம்பியைத் தள்ளிவிட்டேன். அதுக்கப்புறம்தான் அவன் கால்ல நீலமா ஆச்சு" என்றாள்.

இரண்டு மாதம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். தட்டணு குறைந்ததால்தான் அந்தத் தடம் வந்தது, நோய் அதற்கு முன்பே இருந்தது என்று ஒரு தாளில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினேன். மூன்று தடவை சொல்லச் சொன்னாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு மூன்று விஷயங்களைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: இது உன்னால் வரவில்லை, உனக்கு ஒட்டிக்கொள்ளாது, உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முடிவாகிவிட்டது. உறவினர்கள் அந்தக் குழந்தையிடம் "தம்பி எப்படி இருக்கான்?" என்பதற்கு முன்னால் "நீ எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். தினமும் ஏழரை மணிக்கு அக்கா வீடியோ காலில் வருவாள். பத்து நிமிடம் தம்பியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம். பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், யாரோடு சண்டை என்று மட்டும் பேசுவார்கள்.

பணமும் பயணமும் ரத்தமும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. புற்றுநோயும் அதில் அடங்கும். அட்டை இல்லாவிட்டால் முதல் வாரமே அந்த வேலையைத் தொடங்குங்கள். சிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்தில், மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். காப்பீட்டில் அடங்காத வாடகை, சாப்பாடு, ஆட்டோ, அப்பாவின் சம்பள இழப்பு இவைதான் குடும்பத்தை மெல்ல அரிக்கும். உதவ நினைப்பவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் ஒரு மாத வாடகையைப் பற்றிப் பேசலாம்.

பிளேட்லெட் 10,000க்குக் கீழே போனால் பொதுவாக ஏற்றுவார்கள். எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும், அதனால் கொடையாளர்கள் தொடர்ந்து வேண்டும். பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் ஏறிவிடும் என்று சொல்லாதீர்கள். மஜ்ஜை வேலை செய்யாத இடத்தில் சாறு ஒன்றும் செய்யாது, பச்சைச் சாற்றில் கிருமி வேறு. 18 வயது முடிந்தவரா? ரத்த வங்கிக்குப் போய்க் கை நீட்டுங்கள்.

நன்றாக இருக்கும் குழந்தைக்கு மாத்திரை

ஆறேழு மாதம், சிலருக்கு அதற்கும் மேல், கடுமையான கட்டம். அது முடிந்தபின் வரும் நீண்ட கட்டத்துக்கு மெயின்டனன்ஸ் என்று பெயர். மெர்காப்டோபியூரின் மாத்திரை தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள், இடையிடையே ஊசிகள். முடி முளைக்கும், பள்ளிக்குப் போவான், ஊர் திரும்பலாம். பிள்ளை ஓடியாடுவதைப் பார்க்கிறோம், கையில் காசும் தீர்ந்துவிட்டது, நாட்டு மருந்து பார்க்கலாம் என்று யாரோ சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் சில குடும்பங்கள் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றன. கோரைக் கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் நோய் முதல் தடவை போல எளிதில் அடங்குவதில்லை.

முழுதாக நிறுத்துவது மட்டும் ஆபத்து இல்லை. இருபது நாளில் ஒரு நாளைக்கு மேல் தினசரி மாத்திரையைத் தவறவிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேர் எதிரான தவறும் உண்டு: வாரம் ஒரு நாள் மாத்திரையைத் தினமும் கொடுத்துவிடுவது. அது உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மஞ்சள் பொட்டு வைத்தோம். தினசரி மாத்திரை கொடுத்தபின் மூத்தவள் ஒரு கோடு போடுவாள். ஊர் திரும்பிய பிறகு அது அவளுடைய பொறுப்பு ஆகிவிட்டது.

சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் காய்ச்சல் விஷயத்தில் கவனம் வேண்டும், தடுப்பூசிகளை மீண்டும் போட வேண்டியிருக்கும், ரத்தப் பரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் தொடரும்.

எங்கள் பையனுக்கு மருந்து நிறுத்தி ஒரு வருடம் கழித்து, ஒரு மார்கழி ராத்திரி 101 டிகிரி அடித்தது. நீலப் பை இன்னும் கதவுப் பக்கத்து ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தானை எழுப்பி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டூட்டி டாக்டர், "கவுண்ட் நல்லா இருக்கும்மா. சளிக்காய்ச்சல்தான். பாராசிட்டமால் குடுங்க, ரெண்டு நாள் பாருங்க" என்றார். அக்கா அதை நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தாள். அவன் பாதி குடித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் சொல்வது போல, நாளைக்கு ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றான்.